மாத்திரைப் பட்டியலில் ஒரு விரற்கடை இடம்

திரையில் கொஞ்சம் இடம் காலியாகத் தெரிந்தால் போதும், பணம் கொடுப்பவருக்குக் கை பரபரக்கும். "சும்மாதானே கிடக்கிறது, எதையாவது போடுங்கள் அம்மா" என்பார். வேலூரில் இருந்துகொண்டு செல்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு வேலையும் முடிந்ததில்லை. அந்தக் காலி இடத்துக்காக ஏன் மல்லுக்கு நிற்கிறேன் என்பதை ஒரு மருந்துப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒரு கடைக்காரர் தம் வாடிக்கையாளர்களுக்காக ஒரு செயலி வைத்திருந்தார். வாங்கிய மாத்திரைகளும் அவற்றைச் சாப்பிட வேண்டிய வேளைகளும் அதில் பட்டியலாக வரும். 'மெட்பார்மின் 500', அதன் கீழே '1-0-1', அதன் கீழே 'சாப்பிட்ட பின்'. அடுத்து 'ஆம்லோடிபின் 5', '1-0-0'. இப்படியே போகும். எல்லா வரிகளுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி, 12 பிக்சல் (திரையை அளக்கும் சிறு அலகு). பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. கடையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் திரையைக் கொஞ்சம் மேலே தள்ளினார். முதல் மருந்தின் பெயர் மறைந்துவிட்டது. "இந்த 1-0-1 மேலே இருந்த மருந்துக்கா, கீழே இருப்பதற்கா?" என்று என்னிடம் கேட்டார். அந்தத் திரையில் அதற்குப் பதில் இல்லை.

இதே கடையில் மாத்திரை அட்டையின் முதுகிலேயே பேனாவால் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். வேளை மருந்தோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறது. யாருக்கும் குழப்பம் வருவதில்லை. திரையில் அந்த ஒட்டுதலை இடைவெளிதான் உண்டாக்க வேண்டும். ஒரு மருந்துக்குரிய மூன்று வரிகளை 4 பிக்சலில் நெருக்கினேன். அடுத்த மருந்துக்கு முன் 24 பிக்சல் விட்டேன். கோடு இல்லை, கட்டம் இல்லை, வண்ணம் இல்லை. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளும் என்று ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே வெறும் புள்ளிகளை வைத்து விளக்கியிருக்கிறார். உள்ளே இருக்கும் இடைவெளியைவிட வெளியே இருப்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி பெரிதாக இருக்க வேண்டும்; 12-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தமிழுக்கு இன்னொரு தேவையும் உண்டு. ஆங்கிலத்துக்கென்று செய்த எழுத்துருக்களில் வரி உயரம், அதாவது ஒரு வரிக்கு ஒதுக்கும் உயரம், பெரும்பாலும் எழுத்தளவின் 1.2 மடங்காக இருக்கும். அதில் 'மருந்து' என்று ஒரு வரியும் அதற்கு நேர்கீழே 'நீரிழிவு' என்று ஒரு வரியும் போட்டுப் பாருங்கள். மேலே 'ரு', 'து' வால் இறக்குகின்றன, கீழே 'நீ', 'ழி' கொக்கி தூக்குகின்றன, முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்குகின்றன. கண்புரை உள்ளவருக்கு அது வெறும் கறுப்புத் திட்டு. நான் 1.5-க்குக் கீழே இறங்குவதே இல்லை; சிறிய எழுத்தென்றால் 1.6. படிப்பவர் வரி உயரத்தை 1.5 மடங்காக மாற்றிக்கொண்டாலும் எதுவும் அறுபடக் கூடாது என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறை (பார்வைக் குறை போன்ற சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்துவதற்கான விதிகள்) 2018 முதலே சொல்கிறது. நம் ஊர்ச் செயலிகள் பலவற்றில் இப்படி மாற்றினால் பொத்தானின் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

விரலுக்கும் காலி இடம் வேண்டும். ஆப்பிள் தன் அலகில் 44 புள்ளிக்குக் குறையாத பொத்தானைக் கேட்கிறது. ஆண்ட்ராய்டு தன் அலகில் கேட்பது 48. அதே டபிள்யூ3சி நெறிமுறையின் 2023 பதிப்பு, குறைந்தது 24 பிக்சல் வேண்டும் என்கிறது. ஆனால் பொத்தான் அதைவிடச் சிறிதாக இருந்தாலும், அதை நடுவில் வைத்து வரைகிற 24 பிக்சல் விட்டமுள்ள வட்டம் பக்கத்துப் பொத்தானையோ, அதுவும் சிறிதென்றால் அதன் வட்டத்தையோ வெட்டாமல் இருந்தால் போதும் என்று ஒரு சலுகையும் தருகிறது. சுற்றியுள்ள வெறுமையும் பொத்தானின் பங்காகிவிடுகிறது. 'வாங்கு', 'நீக்கு' இரண்டையும் ஒட்டி வைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இதற்காக எங்கு பார்த்தாலும் இடம் விடுவதும் சரியில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ தயாரிப்பாளரின் கிடங்குக் கணக்குத் திரையில் வரிகளை நான் நெருக்கித்தான் வைத்தேன். நாள் முழுக்க அதையே பார்ப்பவர் அவர். சைஸ் வாரியாக எல்லா இருப்பும் ஒரே பார்வையில் வேண்டும். அங்கே வரிக் கோடுகளை எடுத்துவிட்டு, எண்களை வலப்பக்கம் சீராக நிறுத்தி, நெடுவரிசைகளுக்கு இடையே மட்டும் இடம் கொடுத்தேன்.

மருந்துக் கடைக்காரருக்குப் புதிய பட்டியல் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த 24 பிக்சலில் சத்துமாவு விளம்பரம் போடலாமே என்று போன வாரம் கேட்டார். பட்டியல் முழுவதும் முடிந்த பிறகு, கீழே தனியாக வைக்கலாம். இரண்டு மருந்துகளுக்கு நடுவே மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.