கரையை எடுத்தவங்க

காட்பாடி பாலத்துல நின்னு பாலாத்தப் பாக்குற நமக்கு இது விசித்திரமாத்தான் இருக்கும். அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல நிஸ்குவாலின்னு ஒரு ஆறு. அதோட முகத்துவாரத்துல விவசாயத்துக்காக அந்தக் காலத்துல கரை போட்டுக் கடல் தண்ணியத் தடுத்திருந்தாங்க. 2009ல அந்தக் கரையை எடுத்துட்டு 762 ஏக்கர்ல ஓதத்தண்ணிய உள்ள விட்டாங்க. முக்கியமா சால்மன் மீன் குஞ்சுகளுக்காக! ஆத்துல பொறந்த குஞ்சு கடலுக்குப் போறதுக்கு முன்னாடி உப்புக்கு உடம்பு பழகணும், பூச்சி புழு தின்னு கொழுக்கணும். அதுக்கு இந்தச் சேத்து நிலம் வேணும். நிஸ்குவாலி பூர்வகுடி மக்கள் இதுக்கு முன்னாடியே தங்களோட நிலத்துல ஓதத்த விட்டுட்டாங்க.

நம்ம பாலாறும் கல்பாக்கம் பக்கத்து வயலூர்கிட்டதான் கடல்ல சேருது. பாலாத்துல கலக்குற தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்குல 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. மணல் அள்ளுறது? அதை யாரு கேக்கறது?