மிச்சமிருந்த இரண்டு பவுன்

காரைக்குடியில் மனநல ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. குடியை நிறுத்த வழி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா. "எவ்வளவு ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்கும்போதே பாதி நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா, முந்தானையில் முடிந்திருந்த அடகுச் சீட்டை அவிழ்த்து என் மேசைமேல் நீவி வைத்தார். ஆறு பவுன். வெளியூர்க் குடிமீட்பு மையம் ஒன்றுக்கு மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டியிருக்கிறார். ராத்திரி வேன் வந்து, நாலு பேர் அவர் வீட்டுக்காரரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாளே வலிப்பு. "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தது. அங்கே டாக்டரே கிடையாது. கட்டிய பணமும் திரும்பவில்லை.

அந்த மையத்தின் நம்பரைக் கொடுத்தவள் நான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருந்தது; ஒரு இடத்தையும் நேரில் போய்ப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அதை எடுத்துக் கிழித்தேன். அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மிச்சம் ரெண்டு பவுன் இருக்கு மேடம், அதையும் வச்சிரட்டுமா?" என்றுதான் கேட்டார்.

அவர் கணவர் ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரை ஓடு, செய்கிறவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டுக் கரைசலைக் கையாலேயே ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். "காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்குது" என்றார். அதைக் கேட்டதுமே புரிந்துவிட்டது, இவருக்குப் புத்திமதி போதாது. இப்படிப் பழகிய உடம்பு குடியைத் திடீரென்று விட்டால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். அந்த நாட்களில் வேண்டியது தயமின் என்ற வைட்டமின் ஊசி, நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, ராத்திரியிலும் பக்கத்தில் ஒரு நர்ஸ். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை. அவரைச் சிவகங்கையில் சேர்த்தோம். நகையை வைக்க வேண்டாம் என்றேன்.

ஏனென்றால் செலவு அப்புறம்தான் இருக்கிறது. குறைந்தது ஒரு வருடம் டாக்டரை விடாமல் பார்க்க வேண்டும். அவர் கூலி போகும், துணைக்கு வருகிற அக்காவின் கூலியும் போகும். பஸ், சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்ட வீடுகளில் மூன்றாம் மாதம் யாரும் திரும்பி வருவதில்லை. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

தனியார் மையம்தான் என்று முடிவெடுப்பவர்களிடம் இப்போது நான் நம்பரை மட்டும் கொடுப்பதில்லை. நேரில் போய், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள், மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி யார் இருப்பார், பாதியில் கூட்டிவந்தால் பணம் திரும்புமா என்று கேளுங்கள் என்கிறேன். வீட்டு ஆளைப் பார்க்க விடாத இடம் வேண்டவே வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சம்மதமில்லாதவரைச் சேர்க்க மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். ராத்திரி வேனுக்கு அதில் இடமில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் போதை மீட்புக்கான உதவி எண் 14446க்குப் பேசலாம், இலவசம்.

மாசித் திருவிழாவில் அக்காவின் கணவர் மறுபடி குடித்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் வந்து ஓபி வரிசையில் நின்றார்கள். அவர் தலையைக் குனிந்திருந்தார். அக்கா ஓபி சீட்டை நீட்டி, "திரும்ப ஆரம்பிக்கணும் மேடம்" என்றார்.

ஆறு பவுன் இன்னும் கடையில்தான் இருக்கிறது. போன மாதம் வட்டி மட்டும் கட்டியிருக்கிறார்.