கட்டிலுக்கு மேல் ஒரு பாறை

போர்ச்சுகலின் கிழக்கே, ஸ்பெயின் எல்லைக்கு அருகே ஒரு குன்றின்மேல் இருக்கிறது மொன்சாந்தோ. 1938-இல் நடந்த போட்டியில், 'போர்ச்சுகலிலேயே மிகவும் போர்ச்சுகீசியத் தன்மை கொண்ட கிராமம்' என்று வெள்ளிச் சேவலைப் பரிசாக வாங்கிய ஊர். அந்தச் சேவலின் நகல் இன்றும் லூக்கானோ கோபுரத்தின் உச்சியில் நிற்கிறது. ஆனால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது பாறைகளைத்தான். பிரம்மாண்டமான கருங்கற்களை அசைக்க வழியில்லாமல், அவற்றையே சுவராகவும் கூரையாகவும் வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு பழைய வீட்டில் நாங்கள் அறை எடுத்தோம். சிக்கல் என்னவென்றால், என் கணவர் கட்டடப் பொறியாளர்.

உள்ளே நுழைந்தவர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. கட்டிலுக்கு நேர் மேலே பாறை. கன மீட்டருக்கு இரண்டரை டன்னுக்குக் குறையாது என்று முணுமுணுத்தபடி அதை மூன்று பக்கமும் தட்டிப் பார்த்தார்.

"இதற்கு அஸ்திவாரம் எங்கே இருக்கிறது?"

"உங்கள் தலைக்கு மேலேதான்" என்றேன்.

வீட்டுக்கார அம்மாளிடம் முறையிட்டார். கைபேசி மொழிபெயர்க்க, அவர் சிரித்தார். "என் பாட்டி பிறந்ததே இந்த அறையில்தான். பாறை அப்படியே இருக்கிறது. பாட்டிதான் இல்லை."

இதில் ஆறுதல் எங்கே என்று என் கணவர் நெடுநேரம் தேடினார்.

மாலையில் கோட்டைக்கு ஏறினோம். 1165-இல் டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களிடம் மன்னர் ஒப்படைத்த ஊர் இது. முன்பொரு முற்றுகையின்போது, மிஞ்சியிருந்த கோதுமையை ஒரு கன்றுக்கு ஊட்டி, அதை மதிலுக்கு வெளியே தள்ளி, 'எங்களிடம் உணவு ஏராளம்' என்று பகைவரை ஏமாற்றினார்களாம். அதன் நினைவாக மே மாதத் திருவிழாவில் பூ நிரப்பிய பானைகளைக் கோட்டையிலிருந்து வீசுகிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. இவருக்கோ, "கன்று யார் தலையில் விழுந்ததாம்?" என்பதுதான் கவலை.

இரவு இடி இடித்தது. அந்த அம்மாள் ஒரு துணிப் பொம்மையைக் கொண்டுவந்தார். மரஃபோனா என்று பெயர். கண், காது, வாய் எதுவும் கிடையாது. புதுமணத் தம்பதியின் கட்டிலுக்கடியில் வைத்தால் குழந்தைப் பேறு, வீட்டில் வைத்தால் இடியிலிருந்து காப்பு என்பது இவ்வூர் நம்பிக்கை.

நல்ல நேரம் பார்ப்பதையே கேலி செய்யும் மனிதர், பொம்மையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு பாறையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"இதைவிடப் பெரிய அளவில் கிடைக்குமா?"