எய்ட்டி சிக்ஸா, வியோஸா

மார்ச் 2, சனி

ஈப்போவில் அந்த டொயோட்டா 86-ஐ ஒருவழியாக ஓட்டிப் பார்த்தேன். 2013 கார், சிவப்பு, ஆறு கியர் மேனுவல், கேட்பது 85,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). சுபாருவின் பாக்ஸர் எஞ்சின், பிஸ்டன்கள் படுத்தபடி எதிரெதிராக ஓடும், அதனால் எஞ்சின் மொத்தமும் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. செம்மோர் பக்கம் சுண்ணாம்புக் குன்றை ஒட்டிய வளைவில் கார் சாயவே இல்லை, பின் சக்கரம் தள்ளுவது முதுகிலேயே தெரிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

டொயோட்டாவின் சாதாரண நாலு கதவு கார் வியோஸ், அதையும் பார்த்தேன். 2017, ஆட்டோ, 42,000 வெள்ளி. நல்ல கார்தான், ஆனால் இறங்கியதும் மறந்துவிட்டேன். ரோட் டேக்ஸ் கணக்குப் போட்டேன்: வியோஸ் 1496 சிசி, வருஷத்துக்கு 90 வெள்ளி. எய்ட்டி சிக்ஸ் 1998 சிசி, 379 வெள்ளி. அதற்கு ரோன் 97 பெட்ரோல் வேறு ஊற்ற வேண்டும், மானியம் கிடையாது. பரவாயில்லை, ஓவர்டைம் செய்து சமாளிக்கலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மார்ச் 6, புதன்

பட்டறையில் போமன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "வால்வு ஸ்பிரிங் மாத்தியாச்சா தம்பி?" 2012, 2013-இல் செய்த இந்தக் கார்களை 2018-இல் பல நாடுகளில் அதற்காகத் திரும்ப அழைத்தார்களாம், மாற்ற எஞ்சினையே வெளியே இறக்கவேண்டிய வேலை. செய்ததற்கு ரசீது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்.

மார்ச் 9, சனி

விற்பவரே காரை எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஓட்டி வந்தார். செம்மண் சாலையில் லோரி போட்ட பள்ளத்தில் அடிப்பகுதி இரண்டு தடவை உரசியது, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லயத்துப் பிள்ளைகள், தொழிலாளர் வீட்டு வரிசைப் பிள்ளைகள், எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

அம்மாவை உட்காரச் சொன்னேன். கூரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, கடைசி ஒரு சாணுக்குப் பொத்தென்று விழுந்தார். எழுந்திரிக்கும்போதுதான் பார்த்தேன், ஒரு கை என் தோளில், ஒரு கை கதவில், மூன்றாவது முயற்சியில்தான் முட்டி நிமிர்ந்தது. முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய கால். "நல்லா இருக்குய்யா, வாங்கிக்கோ. கிளினிக்குக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார்.

அவர் மனசார வாழ்த்தித்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் அந்தக் காரைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

வியோஸுக்கு 500 வெள்ளி முன்பணம் கொடுத்தாயிற்று. இனி புஸ்பாகோம் நிலையத்தில் வண்டிச் சோதனை, அப்புறம் பெயர் மாற்றம். எய்ட்டி சிக்ஸ் மேல் ஆசை போகவில்லை, போகவும் போகாது, இப்போதும் அந்த வளைவு முதுகில் இருக்கிறது.

அம்மா பின் சீட்டில் தானே ஏறி, தானே இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். கிளினிக் அட்டைகள் வைத்த பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கதவு லேசா இருக்கு" என்றார். அடுத்த புதன் எட்டு மணிக்கு முட்டி டாக்டர்.