மிளகும் லைன்மேனும்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் நாய் மிளகின் நடை நேரம் இரவு ஒன்பது மணிக்குத் தள்ளிப்போகும் என்பது எல்லீஸ் நகரில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். பகலெல்லாம் மதுரை வெயிலைக் குடித்த தார்ச்சாலை, பொழுது சாய்ந்த பிறகும் அதை இறக்கி வைக்க மனமில்லாமல் கிடக்கும். ஆகவே புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, சுடவில்லை என்று தெரிந்த பிறகே அவளைத் தெருவில் இறக்குவேன். இதனால் சாலையைத் தொட்டுக் கும்பிடுகிறவன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு. நேற்று அதைவிடப் பெரிய பட்டம் கிடைத்துவிட்டது.

எல்லாம் மகளின் ஏற்பாடு. மிளகு பெயருக்கேற்ற கறுப்பு. நானும் என் பழைய நீலச் சட்டையும் இருட்டோடு இருட்டு. "நீங்க வண்டியைப் பார்த்தா போதாதுப்பா, வண்டிக்காரன் உங்களைப் பார்க்கணும்" என்று சொல்லி, அவளுக்கு மினுக்கும் சிவப்பு விளக்கு வைத்த கழுத்துப்பட்டையும், எனக்கு வெள்ளிப் பட்டை தைத்த ஆரஞ்சு மேலங்கியும் வாங்கி அனுப்பியிருந்தாள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கலிலும் அது நம்மைவிட நன்றாகப் பார்ப்பதும், டார்ச் பட்டால் கண் மின்னுவதும் அதனால்தான். மிளகுக்கு இயற்கை உள்ளே வைத்துத் தைத்ததை, மகள் எனக்கு வெளியே தைத்து அனுப்பிவிட்டாள்.

அந்தக் கோலத்தில் புறப்பட்டோம். சாக்கடையோரப் புதரருகே, கட்டுவிரியன் இரை தேடும் வேளை என்பதால், வாரைக் கையில் சுற்றிக் குறுக்கிக்கொண்டு, அவள் மூக்குக்கு முன்னால் டார்ச் அடித்தபடி நடந்தேன். டீக்கடை முக்கில் தெருநாய்களின் ஐவர் குழு வழக்கம்போல் விசாரணைக்கு எழுந்து வந்தது. ஓடாமல், முறைக்காமல், வேறு வேலையாகப் போகிறவன்போல மெதுவாக அவர்கள் எல்லையைக் கடந்தேன். அப்போதுதான் எங்கேயோ 'டொப்'பென்று சத்தம் கேட்டது. தெரு முழுவதும் இருண்டது.

"லைன்மேன் வந்துட்டாருப்பா!" என்று ஒரு மாடியிலிருந்து குரல் எழுந்தது. அடுத்த வீட்டிலிருந்து "நாய் எதுக்கு?" என்று கேள்வி வர, "பூமிக்குள்ள போற கேபிள் எங்க அறுந்திருக்குன்னு மோப்பம் பிடிக்க" என்று மூன்றாவது வீடு விளக்கம் தந்தது. நான் எவ்வளவு மறுத்தும், அரசாங்க ஊழியர் வேலையைத் தட்டிக்கழிப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். மிளகோ, நின்ற கம்பத்தையெல்லாம் முகர்ந்து பார்த்து, அந்த மூன்றாவது வீட்டுக்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வீட்டுப் பாட்டி மட்டும் மின்சாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தவர், "தம்பி, அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டுமே" என்றார். மிளகு அவர் காலடியில் படுத்துக்கொள்ள, சிவப்பு விளக்கு வாசலில் விட்டுவிட்டு எரிந்தது. இருபது நிமிடம் கழித்து உள்ளே மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

"பரவாயில்லையே, உட்கார்ந்த இடத்துல இருந்தே போட்டுட்டியே" என்றார் பாட்டி.

நான் மறுக்கவில்லை.