‘இசியு பழுது’ என்று எழுதி வரும் சீட்டு

காரின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை இசியு என்பார்கள். அது பழுதாகிவிட்டது என்று ஒர்க்‌ஷாப்கள் கழற்றி அனுப்புகிறவற்றைப் பிரித்துப் பார்த்து, மறுஉற்பத்திக்குப் போகும் முன் ஒவ்வொன்றுக்கும் பதிவு எழுதுவது நான் பல ஆண்டுகள் செய்த வேலை. புதுப்பித்த இசியு வாங்குகிறவர் ஒரு வைப்புத்தொகையும் சேர்த்துக் கட்டுவார். பழையதைத் திருப்பித் தந்தால் அந்தப் பணம் அவருக்குத் திரும்பும். அப்படி வந்துசேரும் பழைய பாகத்துக்குக் கோர் என்று பெயர். ஒரு மாடலின் தயாரிப்பு நின்று சில காலம் ஆனபின் அதன் இசியுவில் உள்ள சிப்புகள் பலவும் சந்தையில் கிடைக்காமல் போய்விடும் என்பதால், கோர்தான் எங்களுக்கு மூலப்பொருள்.

கோரோடு ஒரு சீட்டும் வரும். பழுது என்ன என்று கேட்ட இடத்தில் பெரும்பாலும் ‘இசியு பழுது’ என்றே எழுதியிருக்கும். எழுதிய மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். வண்டிக்காரர் பக்கத்தில் நிற்க, அடுத்த வண்டி லிஃப்டில் ஏறக் காத்திருக்க, அவருக்கு எழுத நேரம் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் அது அவர் எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்த அறிகுறியே எங்களுக்குத் தேவை. வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லையா, ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லையா, சூடேறிய பிறகுதான் தொந்தரவா? ஆகையால் பதிவேட்டில் மூன்று பகுதிகளைக் கலக்கவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்: அனுப்பியவர் சொன்னது, நாங்கள் கண்டதும் அளந்ததும், அதிலிருந்து நாங்கள் ஊகித்தது. மூன்றாவதை இரண்டாவதில் எழுதிவிடும் பழக்கம் புதியவர்களைவிட அனுபவசாலிகளிடம்தான் அதிகம். ‘தண்ணீர் புகுந்து பழுது’ என்று அவர்கள் கை தானாக எழுதிவிடும். கண்டது என்னவோ இரண்டு பின்களில் பச்சைக் களிம்பு மட்டும்.

அடையாளம் குறிப்பதில் சுவாரசியம் குறைவு, ஆனால் அதில் தவறினால் மற்றவையெல்லாம் வீண். பாக எண், ஹார்டுவேர் எண், சாஃப்ட்வேர் எண் மூன்றும் வேறு வேறு. ஒரே கூட்டுக்குள், ஒரே போர்டில், வேறு வேறு இன்ஜின்களுக்கான சாஃப்ட்வேர் இருக்கலாம். வண்டியின் அடையாள எண்ணில் 17 எழுத்தெண்கள் உண்டு; ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது என்பதால், கையெழுத்தில் ஓ போலத் தெரிவதைப் பூஜ்யம் என்று தயங்காமல் எழுதலாம். எதையும் துடைக்கும் முன் படம் எடுக்க வேண்டும். எதையும் சாலிடர் செய்யும் முன், உள்ளிருக்கும் நினைவகத்தைப் படித்துச் சேமிக்க முயல வேண்டும். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தகவல் பல இசியுக்களில் அங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன பச்சைக் களிம்பையே எடுத்துக்கொள்வோம். அது கனெக்டரின் எந்தப் பின்களில் இருக்கிறது என்று எண்ணோடு குறிக்காவிட்டால் அந்தப் பதிவால் பயனில்லை. கீழ்ப்பக்கப் பின்கள் மட்டும் அரித்திருந்தால் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். நடுவில் ஏதோ ஒரு பின்னில் மட்டும் அரிப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், அந்த வயரின் மறுமுனையைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். சீல் கெட்ட சென்சார் ஒன்றிலிருந்து கூலன்ட்டோ இன்ஜின் ஆயிலோ செப்பு இழைகளின் இடையே தந்துகிக் கவர்ச்சியால் ஊர்ந்து, இன்சுலேஷனுக்கு உள்ளேயே வழி கண்டு, தொலைவில் இருக்கும் இசியு வரை வந்துவிடும். வெளியில் வயரிங் ஹார்னஸ் ஈரமே இல்லாமல் இருக்கும். கூட்டை நன்றாகச் சீல் செய்த இசியுக்களில் காற்று மட்டும் போய்வர ஒரு சிறு சவ்வு வைத்திருப்பார்கள். அது சேறு படிந்து அடைபட்ட நிலையில், சூடாக இருக்கும் கூட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து சீலின் பலவீனமான இடம் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எனவே சவ்வின் நிலையையும் எழுதுவோம். போர்டை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த இரண்டும் வெறும் ‘ஈரம்’.

கூட்டைத் திறந்ததும் கண்ணில் படும் பழுதுகளில் இக்னிஷன் காயிலை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்துபோயிருப்பது தெளிவானது. அதை மாற்றுவது பெரிய வேலையும் அல்ல. ஆனால் அது ஏன் எரிந்தது என்ற கேள்வி பெட்டிக்கு வெளியே போகிறது. காயிலின் சுருள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் டிரைவர் தாங்கும் அளவைவிட அதிக மின்னோட்டம் பாயும். அந்தக் காயில் இன்னும் அதே காரில்தான் இருக்கிறது. நாங்கள் அனுப்பும் புதுப்பித்த இசியுவை அதில் பொருத்தினால் அதே இடத்தில் அதே விதமாக எரியும். ஆகவே ‘டிரைவர் எரிந்துள்ளது’ என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சிலிண்டருக்கான சானல் என்று எழுதி, அந்தச் சிலிண்டரின் காயிலையும் வயரையும் சோதிக்காமல் பொருத்த வேண்டாம் என்ற குறிப்பை மாற்று இசியுவோடு வைத்து அனுப்புவோம். என் கணிப்பில், எங்கள் பதிவேட்டில் ஒர்க்‌ஷாப்புக்கு நேரடியாகப் பணம் மிச்சப்படுத்திக் கொடுத்த வரி அது ஒன்றுதான்.

இதற்கு நேர்மாறானது 5 வோல்ட் விவகாரம். பல சென்சார்களுக்கு இசியுதான் 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ஒரே சுற்றைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றவையும் சேர்ந்து விழுந்துவிடும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் வரிசையாகக் கோளாறு எண்கள் வருவதைப் பார்க்கும் மெக்கானிக், இத்தனையும் ஒன்றாகக் கெட்டிருக்க முடியாது, இசியுதான் போயிருக்கும் என்று நினைப்பது இயல்பே. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 5 வோல்ட் எப்போது திரும்புகிறது என்று பார்த்திருந்தால் அந்தப் பெட்டி எங்களிடம் வந்திருக்காது. எங்கள் மேசையில் அது ஒழுங்காக வேலை செய்யும்.

அப்படி மேசையில் ஒழுங்காக வேலை செய்யும் கோருக்கு என்ன எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது. ‘பழுது இல்லை’ என்று எழுத ஒருபோதும் நான் சம்மதித்ததில்லை. இன்ன மின்னழுத்தத்தில், இன்ன வெப்பநிலையில், இவ்வளவு நேரம் ஓட்டியதில் பழுது தென்படவில்லை என்று எழுதுவதே சரி. சில இசியுக்களில் சிப்புகளைச் செராமிக் தகட்டோடு இணைப்பவை மெல்லிய அலுமினியக் கம்பிகள். மேலே ஜெல் மூடியிருக்கும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வர, கம்பி ஒட்டிய இடத்தில் விடுபடத் தொடங்கும். அறை வெப்பநிலையில் அது தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டறையில் வைத்தால் விட்டுப்போகும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். சாலிடரில் விழும் நுண்விரிசலும் அப்படியே. ‘பழுது இல்லை’ என்ற இரண்டு சொற்கள், அதை எழுதியவர் சூட்டறையைப் பயன்படுத்தினாரா என்பதை மறைத்துவிடுகின்றன. மெக்கானிக்கின் ‘இசியு பழுது’ எங்களுக்கு எவ்வளவு உதவுமோ, இதுவும் அவருக்கு அவ்வளவுதான் உதவும்.

கோளாறு எண்கள் கொஞ்சம் கைகொடுக்கும். பி0606 என்றால் இசியு தன் செயலியிலேயே கோளாறு கண்டிருக்கிறது. பி0601 என்றால் நினைவகத்தில் உள்ளது மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. இவை இரண்டும் இசியுவைப் பற்றியே பேசுகின்றன. ஆனாலும் பி0601 வந்த கோரில் சாஃப்ட்வேர் ஏற்றும்போது பேட்டரி இறங்கி வேலை பாதியில் நின்றிருக்கலாம் என்பதால், கடைசியாக யாராவது சாஃப்ட்வேர் ஏற்றினார்களா என்று கேட்டு எழுத வேண்டும். யு0100 வேறு வகை: இசியுவிடமிருந்து பேச்சு வரவில்லை என்று மற்ற கணினிகள் சொல்லும் புகார் அது. ஃபியூஸ் போயிருந்தாலும், எர்த் சரியில்லாவிட்டாலும், தகவல் வயர் அறுந்திருந்தாலும் அந்த எண் வரும். அதை மட்டும் ஆதாரமாகக் காட்டி வந்த கோரைப் பிரிக்கும்போதே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிடும்.

பதிவேடு கணினிக்கு மாறியபோது பழுதுகளை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க அது வசதிதான். அதோடு ‘மற்றவை’ என்ற வரி வீங்கிக்கொண்டே போனது. பழைய இசியு ஒன்றைத் திறந்ததும் கெட்டுப்போன மீன் வாடை அடித்தால், எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் கசிந்து கீழே உள்ள செப்புத் தடத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். வாடைக்குப் பட்டியலில் இடம் ஏது? பட்டியலின் கீழே தடையின்றி எழுதுவதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். சீட்டையும் மாற்றினோம். ‘பழுது என்ன’ என்பதை எடுத்துவிட்டு, சூட்டிலா குளிரிலா, வேறு வண்டியிலிருந்து பேட்டரி இணைத்து ஸ்டார்ட் செய்தீர்களா, வண்டியில் வெல்டிங் நடந்ததா, எங்களுக்கு முன் யாராவது கூட்டைத் திறந்தார்களா என்று கேட்டோம். முதல் மூன்றுக்கும் ஓரளவு பதில் வரத் தொடங்கியது. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதிலோடு, திருகுகளின் தலை தேய்ந்த கோர்கள் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு முதல் பகுதியில் ‘திறக்கவில்லை என்கிறார்’ என்றும், இரண்டாவதில் ‘திருகுத் தலைகள் தேய்ந்துள்ளன’ என்றும் எழுதிவிட்டு, மூன்றாவதை வெறுமையாக விடுகிறோம்.