பிட்ஸ்பர்க் பற்றிய நான்கு வரிகள்

அந்த நான்கு வரிகளை அடித்து நீக்கியவன் நான்தான். பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரமே இருந்தது, படத்துக்குக் கீழே நான்கு வரிகள் பிதுங்கி நின்றன, எதையாவது எடுத்தே ஆக வேண்டும். இவ்வளவும் உண்மைதான் என்றாலும், எடுப்பதற்கு வேறு நான்கு வரிகள் கிடைத்திருக்காதா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

கட்டுரை, 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கின் போலோ கிரௌண்ட்ஸில் ஜயண்ட்ஸும் சிகாகோ கப்ஸும் மோதிய பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியது. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, கணக்கு 1-1, இருவர் அவுட். ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய பேஸ்களில் மூன்றாவதில் ஜயண்ட்ஸின் மெக்கார்மிக். முதல் பேஸில், வழக்கமான ஆட்டக்காரருக்கு முதுகுவலி என்பதால் அன்று களமிறக்கப்பட்ட பத்தொன்பது வயது ஃப்ரெட் மெர்க்கல். பிரிட்வெல் பந்தை அடித்தார், மெக்கார்மிக் வெற்றி ஓட்டத்தோடு ஓடிவந்து சேர்ந்தார், கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த மெர்க்கல் இரண்டாம் பேஸைத் தொடாமலே பாதி வழியில் திரும்பி உடைமாற்றும் அறையை நோக்கி ஓடினார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தைக் கையில் வாங்கி (அது ஆட்டப் பந்துதானா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை) இரண்டாம் பேஸில் ஏறி நின்றார். அப்படி அடி விழுந்தால் முதல் பேஸில் இருப்பவர் இரண்டாம் பேஸைத் தொட்டே ஆக வேண்டும், அதற்கு முன் எதிரணி பந்தோடு அங்கே நின்றால் அவர் அவுட், அது மூன்றாவது அவுட் என்றால் ஓட்டமும் சேராது என்பது விதி. மெர்க்கல் அவுட், ஆகவே மெக்கார்மிக்கின் ஓட்டமும் செல்லாது என்றார் நடுவர் ஹாங்க் ஓ'டே. சமன் என்று அறிவிக்கப்பட்ட அந்த ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று மீண்டும் ஆடியபோது கப்ஸ் 4-2 என்று வென்று, லீக் பட்டத்தையும் கொண்டுபோனது.

நான் அடித்த வரிகள் சொன்னது இதற்குப் பத்தொன்பது நாள் முந்தைய கதையை. செப்டம்பர் 4, பிட்ஸ்பர்க். அதே எவர்ஸ், அதே ஓ'டே. வாரன் கில் என்ற பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் மெர்க்கல் செய்ததையேதான் செய்தார். எவர்ஸ் முறையிட்டார், தான் அதைப் பார்க்கவில்லை என்றார் ஓ'டே, ஓட்டம் செல்லுபடியாகி பிட்ஸ்பர்க் வென்றது. வெற்றி ஓட்டம் வந்ததும் அடுத்த பேஸைத் தொடாமல் வெளியேறுவது அன்று ஆட்டக்காரர்களிடையே சாதாரணம்.

"சார், இதை எடுத்துட்டா மெர்க்கல் வெறும் முட்டாளா நிப்பானே" என்றார், கட்டுரையை மொழிபெயர்த்திருந்த உதவி ஆசிரியர்.

"விதி இருந்ததும்மா. அவன் தொடலை. அவ்வளவுதான்."

"இருந்தது சார். அலமாரியில இருந்ததை அன்னைக்குத்தானே எடுத்தாங்க."

நான் சிரித்துவிட்டு 'பக்கத்தை அனுப்புங்கள்' என்றேன். அந்தச் சிரிப்பு தேவையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேஸ்பால் தெரியாத வாசகரிடம் ஒரே கட்டுரையில் இரண்டு ஊர்களையும் இரண்டு முறையீடுகளையும் கொடுத்தால் இரண்டுமே குழம்பிப்போகும். ஆனால் அந்த வரிகள் மெர்க்கலுக்கு மட்டும் பரிந்து பேசவில்லை; பிட்ஸ்பர்க்கில் பார்க்கத் தவறியதை நியூயார்க்கில் தவறவிடக் கூடாது என்று ஓ'டே கண்ணும் கருத்துமாக இருந்திருக்கலாம் என்று யோசிக்கவும் அவைதான் இடம் தந்தன. ஒரே வெட்டில் இருவருடைய பக்கத்தையும் எடுத்துவிட்டேன். ஜயண்ட்ஸ் மேலாளர் மெக்ரா மெர்க்கலைக் கைவிடாமல் அடுத்த ஆண்டு சம்பளத்தை உயர்த்திய செய்தியை விட்டுவைத்தேன், அது சுவையாக இருந்தது என்பதற்காக. 'போன்ஹெட்' (மரமண்டை) என்ற பட்டப்பெயர் அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியதையும் விட்டுவைத்தேன். 'மரமண்டையால் போன ஆட்டம்' என்று தலைப்பு வைத்ததும் நான்தான். மொழிபெயர்ப்பில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளி மாணவனின் கடிதம் வந்தது. இதுகூடத் தெரியாமலா அந்த ஆள் ஆட வந்தார், படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருந்தான். உதவி ஆசிரியர் அதை என் மேஜையில் வைத்து, கடிதங்கள் பகுதிக்கு எடுத்துக்கொள்ளலாமா சார் என்று மட்டும் கேட்டார்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.